மண்ணைத் திறந்து போடாதீர்கள்: வீட்டுத் தோட்டத்தில் மருந்தில்லாமல் களையைக் கட்டுப்படுத்தும் முறை

புதிதாகத் தோட்டம் போட்டவர்கள் பாதியிலேயே கைவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கேட்டால் பூச்சி என்பார்கள், நேரமில்லை என்பார்கள். தோட்டத்துக்குள் போய்ப் பார்த்தால் களைதான் காரணம் என்பது தெரியும். விதைத்துப் பத்து நாளில் பாத்தி முழுக்கப் பச்சையாக முளைத்திருக்கும். நாம் போட்டது எது, தானாக வந்தது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. கொஞ்சம் வளரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார்கள். ஒரு மாதத்தில் களை இடுப்புக்கு வந்துவிடும், வெண்டை அதன் நிழலில் வெளுத்துப்போய் நிற்கும்.

களைக்கொல்லி தெளித்துவிடலாமா என்ற எண்ணம் அப்போதுதான் வரும். வீட்டுத் தோட்டத்துக்கு அது வேண்டாம். சின்ன இடத்தில் ஒன்றைத் தவிர்த்து இன்னொன்றின் மேல் மட்டும் மருந்தை அடிப்பது கஷ்டம். காற்று திரும்பினால் நம் தக்காளியே கருகும். அதைவிட முக்கியம், முளைத்து நிற்கும் களைமேல் அடிக்கும் மருந்து பெரும்பாலும் அதை மட்டும்தான் கொல்லும். அடுத்து முளைக்கக் காத்திருப்பதை ஒன்றும் செய்யாது. அந்தக் காத்திருக்கும் கூட்டத்தைப் புரிந்துகொண்டால் மருந்தில்லாமலே சமாளிக்கலாம்.

மண்ணுக்குள் இருக்கும் சேமிப்பு

ஒரே ஒரு பார்த்தீனியச் செடி பதினைந்தாயிரம், இருபதாயிரம் விதைகளைக் கொட்டும். முள்ளுக்கீரை, குப்பைக்கீரை வகைகளும் சளைத்தவை இல்லை. கொட்டிய விதை எல்லாம் உடனே முளைத்துவிட்டால் கவலை இல்லை, ஒரே மூச்சில் சுரண்டி எடுத்துவிடலாம். அவை அப்படிச் செய்வதில்லை. கொஞ்சம் இப்போது, கொஞ்சம் அடுத்த மழைக்கு, மிச்சம் பல வருடம் கழித்து என்று தவணை முறையில் முளைக்கும்.

இது எவ்வளவு காலம் நீளும் என்று பார்க்க 1879-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற தாவரவியலாளர் 20 பாட்டில்களில் பலவகைக் களை விதைகளை ஈர மணலோடு கலந்து புதைத்து வைத்தார். இத்தனை வருடத்துக்கு ஒரு பாட்டில் என்று தோண்டி எடுத்து முளைக்கிறதா என்று பார்ப்பது ஏற்பாடு. அவர் காலத்துக்குப் பிறகும் மற்றவர்கள் அதைத் தொடர்ந்தார்கள். 2021-ல் எடுத்த பாட்டிலிலும், 142 வருடம் கழித்து, வெர்பாஸ்கம் என்ற களையின் விதைகள் முளைத்தன. எல்லாக் களைக்கும் இவ்வளவு ஆயுள் கிடையாது. பல விதைகள் சில வருடங்களில் செத்துவிடும். ஆனால் மண்ணில் ஏற்கெனவே இருப்பதை ஒரே பருவத்தில் தீர்த்துவிட முடியாது என்பதற்கு இந்தப் பாட்டில்கள் போதும்.

இன்னொரு விஷயம் நமக்குச் சாதகமானது. பொடி விதையுள்ள களைகளில் பலவற்றுக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். மண்ணைக் கிளறும்போது ஒரு கணம் வெயில் பட்டாலே சிலவற்றுக்குப் போதும், விழித்துக்கொள்ளும். மேலும், பொடி விதைக்குள் இருக்கும் உணவு கொஞ்சம்தான். அதனால் மேல்மண்ணில் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் கிடப்பவைதான் பெரும்பாலும் வெளியே வரும். கீழே ஒரு சாண் ஆழத்தில் கிடப்பது அங்கேயே கிடக்கட்டும். மண்வெட்டியால் புரட்டிப் போட்டால் அவற்றை நாமே மேலே அழைத்து வந்ததாக ஆகும். நன்றாகக் கொத்திவிட்டேன், ஆனாலும் களை இரண்டு மடங்கு வந்தது என்று சொல்பவர்களுக்கு நடந்தது இதுதான்.

ஆக, செய்ய வேண்டியது மூன்று. மண்ணை வெறுமையாகத் திறந்து போடாமல் இருப்பது, கிளறினால் மேலாகக் கிளறுவது, எந்தக் களையையும் விதை கட்ட விடாமல் இருப்பது. கீழே வரும் வேலைகள் எல்லாம் இந்த மூன்றின் கிளைகள்தான்.

முதல் வேலை: எது என்ன களை என்று பாருங்கள்

ஒரு களையை வேரோடு எடுத்துக் கையில் வைத்துப் பாருங்கள். அடியில் நார் நாராக வேர் மட்டும் இருந்தாலோ, ஒரே ஒரு ஆணிவேர் இருந்தாலோ அது பெரும்பாலும் விதையால் பரவும் ஒருபருவக் களை. குப்பைமேனி, சாரணை, முள்ளுக்கீரை, பார்த்தீனியம் எல்லாம் இந்த வகை. இவற்றைப் பூப்பதற்குள் எடுத்தால் கதை முடிந்தது.

அடியில் கிழங்கோ, கணுக்கணுவாக ஓடும் வெள்ளைத் தண்டோ இருந்தால் அது வேறு வகை. கோரையை ஒரு தடவை பொறுமையாகத் தோண்டிப் பாருங்கள். இழுத்தால் புல் மட்டும் 'டக்'கென்று கையோடு வந்துவிடும். அதை நம்பிவிடாதீர்கள். ஒரு குச்சியால் பக்கவாட்டில் மண்ணைத் தள்ளிக்கொண்டே போனால், தண்டின் அடியில் சின்னதாகப் புடைத்த குமிழ், அதிலிருந்து கம்பி மாதிரி ஒரு இழை, இழையின் முனையில் கறுப்பாக ஒரு கிழங்கு, அங்கிருந்து இன்னொரு இழை, அதன் முனையில் இன்னொரு கிழங்கு என்று மணிமாலை போலப் போய்க்கொண்டே இருக்கும். புல்லை இழுக்கும்போது அறுவது அந்த முதல் இழைதான். கிழங்கு அத்தனையும் மண்ணிலேயே இருக்கும். அருகும் (அருகம்புல்) இப்படித்தான், தரைக்கு மேலும் கீழும் தண்டு ஓடும், ஒவ்வொரு கணுவும் ஒரு செடியாகும். இந்த இரண்டையும் எப்படிச் சமாளிப்பது என்று பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

இரண்டாவது: விதைப்பதற்கு முன் களையை ஒரு தடவை முளைக்க விடுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தவிர்த்துவிடும் வேலை இது. என்னைக் கேட்டால் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

பாத்தியைத் தயார் செய்து, எருவிட்டு, மட்டம் செய்துவிடுங்கள். உடனே விதைக்காதீர்கள். விதை போட்டதுபோலவே நினைத்துத் தண்ணீர் தெளித்து வாருங்கள். பத்துப் பதினாலு நாளில் மேல்மண்ணில் முளைக்கத் தயாராக இருந்த களை எல்லாம் தலைகாட்டும். இரண்டு இலை விட்ட நிலையில், வெயில் நாளாகப் பார்த்து, களைக்கொத்தின் வாயைப் படுக்கையாகப் பிடித்து மண்ணின் மேல்தோலை மட்டும் சுரண்டுங்கள். ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போகவே கூடாது. ஆழமாகக் கொத்தினால் புது விதை மேலே வந்து, செய்த வேலை வீணாகும். நேரம் இருந்தால் இன்னொரு சுற்றும் செய்யலாம். அதற்குப் பிறகு, மண்ணை மறுபடி கிளறாமல், கோடு மட்டும் கிழித்து விதையுங்கள்.

கேரட், வெங்காயம், கொத்தமல்லி போல மெதுவாக முளைத்து மெதுவாக வளரும் பயிர்களுக்கு இதைக் கட்டாயம் செய்யுங்கள். அவற்றின் இலை மெலிசு, களைமேல் நிழல் போடும் தெம்பு கடைசிவரை வராது.

மூன்றாவது: வரிசையில் விதையுங்கள்

கையால் வாரித் தூவினால் பயிர் எது, களை எது என்று தெரியாது. நூல் பிடித்து வரிசையாகப் போட்டால், வரிசைக்கு வெளியே முளைப்பது எல்லாம் களை. அவ்வளவுதான், அடையாளம் தெரியாதவர்களுக்கும் இதில் குழப்பம் வராது. கத்தரி, தக்காளி, மிளகாயை நாற்றாக வளர்த்து நடுவதும் நல்லது. களை முளைக்கும்போது நம் செடி ஏற்கெனவே ஒரு சாண் உயரம் இருக்கும்.

தண்ணீரையும் செடியின் அடியில் மட்டும் விடுங்கள். பாத்தி முழுக்க நனைத்தால் களைக்கும் சேர்த்துத்தான் பாய்ச்சுகிறோம். சொட்டுக் குழாய் போட்ட பாத்தியில் வரிசைக்கு இடையில் மண் காய்ந்தே கிடப்பதால் அங்கே மழைக்காலம் தவிர அதிகம் முளைக்காது.

நான்காவது: களை எடுப்பது

"களை பிடுங்காப் பயிர் கால் பயிர்" என்பார்கள். பயிர் வாழும் காலத்தில் முதல் மூன்றில் ஒரு பங்கு நாள்தான் ரொம்ப முக்கியம். மூன்று மாதப் பயிர் என்றால் முதல் ஒரு மாதம். அந்த நாட்களில் களையோடு போட்டி போட விட்டால், பின்னால் எவ்வளவு சுத்தமாக எடுத்தாலும் விட்ட மகசூல் திரும்பாது. அந்த மாதத்தில் மட்டும் சோம்பல் கூடாது. செடி விரிந்து தரையை மூடிய பிறகு கொஞ்சம் தளரலாம்.

களை எடுக்கச் சரியான பருவம் அது கண்ணில் நன்றாகத் தெரிவதற்கு முன்பே வந்துவிடும். மழை பெய்து நாலைந்து நாளில், பாத்தியின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து மேல்மண்ணை விரலால் லேசாகக் கீறிப் பாருங்கள். வெள்ளை நூல் போல முளைகள் மேலே வரும். அந்த நிலையில் ஒரு பிடி முளையைக் கொல்ல விரலால் கீறுவதே போதும். கால் மணி நேர வெயிலில் வாடிவிடும். அதே களை ஒரு சாண் வளர்ந்துவிட்டால் ஒவ்வொன்றாகப் பிடித்து இழுக்க வேண்டும், இழுக்கும்போது பக்கத்துப் பயிரின் வேரும் அசையும்.

கையால் பிடுங்குவதாக இருந்தால் மண் ஈரமாக இருக்கும்போது செய்யுங்கள், வேர் முழுசாக வரும். கொத்தால் சுரண்டுவதாக இருந்தால் மண் காய்ந்திருக்கும்போது, காலையில், வெயில் ஏறப்போகும் நாளில் செய்யுங்கள். ஈர மண்ணில் சுரண்டிவிட்டு அப்படியே போட்டால் பாதிக் களை மறுபடி வேர் விட்டு எழுந்துவிடும். பருப்புக்கீரை போல சதைப்பற்றான தண்டுள்ளவை இதில் கெட்டிக்காரர்கள். பிடுங்கிப் போட்ட இடத்திலேயே தண்டு வேர் விடும், இருக்கிற பூ விதையாகவும் முற்றும். அவற்றை மட்டும் கூடையில் சேர்த்து வெளியே கொண்டுபோய்விடுங்கள்.

கொத்தின் வாய் கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கிய கொத்து களையை வெட்டாது, மண்ணைத்தான் புரட்டும். நின்றுகொண்டே தள்ளிச் சுரண்டுவதற்கு நீளக் காம்புக் கொத்து ஒன்று இருந்தால் முதுகு தப்பிக்கும்.

பார்த்தீனியத்தைத் தொடும்போது கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம். தோல் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் வரும் களை அது; இன்று ஒன்றும் ஆகவில்லை என்றாலும் திரும்பத் திரும்பத் தொட்டால் ஒவ்வாமை பிடித்துக்கொள்ளலாம். வெள்ளைப் பூ வருவதற்குள் வேரோடு எடுத்துவிடுங்கள்.

ஐந்தாவது: மூடாக்கு

காட்டுக்குள் போனால் வெறும் மண்ணைப் பார்க்க முடியாது. உதிர்ந்த இலை, பட்டை, சருகு எதாவது மேலே கிடக்கும். வெறும் மண் இருந்தால் அதை மூடத்தான் களை வருகிறது. நாம் முந்திக்கொண்டு மூடிவிட்டால் களைக்கு அங்கே வேலை இல்லை.

காய்ந்த இலை, வைக்கோல், கரும்புத் தோகை, தென்னை நார், மரச்சீவல், எது எளிதாகக் கிடைக்கிறதோ அது. கனம்தான் முக்கியம். பொடியான பொருள் என்றால் 5 சென்டிமீட்டர், தோகை, வைக்கோல் போல முரடான பொருள் என்றால் 8 முதல் 10 சென்டிமீட்டர். மெலிசாகத் தூவினால் வெளிச்சம் உள்ளே போகும், ஈரமும் நிற்கும், களை முன்னைவிடச் சொகுசாக வளரும். மூடாக்கு போட்டும் பலன் இல்லை என்பவர்களின் பாத்தியைப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு விரல் கனம்தான் இருக்கும். போட்டது சில வாரத்தில் அமுங்கிப் பாதியாகும், மேலே மறுபடி போட வேண்டும்.

போடும் முன் முளைத்திருக்கும் களையை எடுத்துவிட்டு, மண்ணை நன்றாக நனையுங்கள். செடியின் தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் விட்டுப் போடுங்கள். தண்டோடு ஒட்டி ஈரம் நின்றால் அழுகும். விதைத்த பாத்தி என்றால் பயிர் ஒரு சாண் வந்த பிறகு போடுங்கள்.

களை அதிகமுள்ள புது இடமாக இருந்தால் அடியில் செய்தித்தாளோ அட்டைப்பெட்டியோ விரிக்கலாம். களையைத் தரையோடு அறுத்துவிட்டு, அட்டையில் இருக்கும் ஒட்டுநாடாவையும் கம்பியையும் உரித்துவிட்டு, ஒன்றின் மேல் ஒன்று ஒரு சாண் ஏறி நிற்கும்படி விரியுங்கள். இடைவெளி விட்டால் அந்தச் சந்து வழியாகத்தான் வரும். செய்தித்தாள் என்றால் எட்டுப் பத்துத் தாள் கனம். நனைத்து, மேலே சருகு போட்டு மூடுங்கள். சில மாதங்களில் அடியில் இருந்த களை வெளிச்சமில்லாமல் செத்து மக்கும், அட்டையும் மண்ணாகும்.

இரண்டு எச்சரிக்கை. மரத்தூளையோ சீவலையோ மண்ணோடு கலக்காதீர்கள். அது மக்கும்போது மண்ணில் உள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளாகும். மேலே கிடந்தால் பிரச்சினை இல்லை. அடுத்து, வைக்கோல் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். சில களைக்கொல்லிகள் வைக்கோலிலும், அதைத் தின்ற மாட்டின் சாணத்திலும்கூடத் தங்கி, தக்காளி, அவரையின் இலையைச் சுருட்டிவிடும். சந்தேகமாக இருந்தால் ஒரு தொட்டியில் அதைப் போட்டு நாலு அவரை விதை ஊன்றிப் பாருங்கள். இலை நேராக விரிந்தால் தைரியமாகப் பயன்படுத்தலாம்.

உயிருள்ள மூடாக்கும் உண்டு. சர்க்கரைவள்ளி, பூசணி, தட்டைப்பயறு எல்லாம் படர்ந்து தரையை மூடிவிடும். அறுவடை முடிந்து பாத்தி காலியாகக் கிடக்கும் என்றால் தட்டைப்பயறோ சணப்பையோ நெருக்கமாக விதைத்துவிடுங்கள். பூக்கும் சமயத்தில் அறுத்து அங்கேயே பரப்பினால் அதுவே அடுத்த மூடாக்கு, மண்ணுக்குத் தழைச்சத்தும் ஆயிற்று.

கோரையும் அருகும்

கோரைக்கு மூடாக்கு மட்டும் போதாது. அதன் முளை ஊசி மாதிரி, பிளாஸ்டிக் தாளையே குத்திக்கொண்டு வரும். அதன் பலம் கிழங்கில் சேர்த்துவைத்த உணவு. அந்தச் சேமிப்பைச் செலவழிக்க வைப்பதுதான் வழி. ஒவ்வொரு முளையும் வர கிழங்கு கொஞ்சம் இளைக்கும். ஐந்தாறு இலை விட்டுவிட்டால் முளை தானே உணவு தயாரித்து, புதுக் கிழங்கு கட்ட ஆரம்பிக்கும். அதற்குள், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, தவறாமல் எடுங்கள். ஒரு கிழங்கு பத்துத் தடவைக்கு மேல்கூட முளைக்கும், ஆனால் ஒவ்வொரு தடவையும் மெலிந்து வரும். நடுவில் ஒரு மாதம் விட்டால் மறுபடி ஆரம்பத்திலிருந்துதான்.

சின்ன இடமாக இருந்தால் கோடையில் ஒரு சாண் ஆழம் தோண்டி, கட்டியை உடைத்து, கிழங்கைப் பொறுக்கி வெளியே எடுத்துவிடலாம். மேலாகக் கிளறுங்கள் என்று சொன்னதற்கு இது ஒன்றுதான் விலக்கு. அகப்படாமல் மேலே கிடப்பவை ஒன்றிரண்டு வாரம் கடும் வெயிலில் காய்ந்தால் செத்துவிடும். கோரை, அருகு இரண்டுக்கும் நிழல் ஆகாது. அந்த இடத்தில் அடுத்து வெங்காயம் போடாமல், சர்க்கரைவள்ளி போல இலை அடர்ந்து மூடும் பயிராகப் போடுங்கள். அருகு உள்ள இடத்தில் மண்வெட்டியால் வெட்டிப் புரட்டாதீர்கள். ஒவ்வொரு துண்டும் முளைக்கும். முள்கொத்தால் கிளறித் தண்டை நீளமாக உருவி எடுங்கள்.

வெயிலால் மண்ணைச் சுட வைப்பது

களை மிகுந்த பாத்தியைக் கோடையில் ஒன்றரை மாதம் சும்மா விட முடியும் என்றால் இதைச் செய்யலாம். 1976-ல் இஸ்ரேலில் யாக்கோவ் கட்டானும் அவர் குழுவினரும் மண்ணில் உள்ள நோய்க் கிருமிகளை ஒழிக்க இந்த முறையை எழுதி வெளியிட்டார்கள். களை விதைக்கும் அது நன்றாக வேலை செய்கிறது. பாத்தியை மட்டம் செய்து, நன்றாக நனைத்து, நிறமில்லாத மெல்லிய பாலித்தீன் தாளைத் தரையோடு ஒட்டி விரித்து, நாலு ஓரத்தையும் மண்ணில் புதைத்துவிடுங்கள். கறுப்புத் தாள் வேண்டாம், அது வெயிலைத் தானே வாங்கிக்கொள்ளும். தெளிவான தாள்தான் வெயிலை மண் வரைக்கும் விடும். நல்ல கோடையில் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் 42 முதல் 55 டிகிரி செல்சியஸ் வரை சூடு ஏறும். 4 முதல் 6 வாரம் வைத்திருந்து எடுத்த பிறகு ஆழமாகக் கொத்தக் கூடாது. கோரைக் கிழங்கு இதற்கு அவ்வளவாக மசியாது.

வினிகர், உப்பு, கொதிநீர்

வீட்டு வினிகரில் 4, 5 சதவீதம் அமிலம்தான். இளம் களையின் இலையைக் கருக்கும், வேரைத் தொடாது. கோரை ஒரு வாரத்தில் திரும்பி வரும். 20 சதவீத வினிகர் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும், வேண்டவே வேண்டாம். உப்பு போட்டால் களை சாகும், அதன் பிறகு அங்கே எதுவும் நன்றாக வளராது. பாத்தியில் உப்பைக் கொட்டச் சொல்லும் குறிப்பு எதையும் நம்பாதீர்கள். நடைபாதைக் கல் இடுக்கில் இருக்கும் களைக்குக் கொதிநீர் ஊற்றலாம். பயிருக்குப் பக்கத்தில் கூடாது.

பிடுங்கியதை என்ன செய்வது

பூக்காத, விதையில்லாத களையைச் செடிக்கு இடையிலேயே மூடாக்காகப் போடலாம், வேரை மேல்நோக்கிக் கவிழ்த்து. விதை கட்டியதையும் கிழங்குள்ளதையும் மக்குக் குழியில் போடாதீர்கள். குவியலுக்குள் 55, 60 டிகிரி சூடு சில நாளாவது நின்றால்தான் விதை சாகும். வீட்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கும் குவியல் பெரும்பாலும் அந்தச் சூட்டுக்கு வராது. இவற்றை ஒரு வாளித் தண்ணீரில் முழுசாக மூழ்க வைத்து, மூடி, ஒன்றிரண்டு மாதம் அழுக விடுங்கள். நாறும், ஆனால் அந்தத் தண்ணீரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து செடியின் அடியில் ஊற்றலாம். அடியில் தங்குவதை வடிகட்டித் தனியே புதைத்துவிடுங்கள்.

வெளியிலிருந்து வருவது

ஒரு வருடம் பாத்தி நன்றாகச் சுத்தமாகியிருந்தது. தொழு உரம் ஒரு வண்டி இறக்கினேன். தொட்டால் பாதி மக்கியது போலத்தான் இருந்தது, அவசரத்தில் அப்படியே பரப்பிவிட்டேன். மூன்றாவது வாரம் அந்தப் பாத்தியில் அதுவரை நான் பார்க்காத களைகள் முளைத்தன. மாட்டின் வயிற்றில் எல்லா விதையும் செரிப்பதில்லை. இப்போதெல்லாம் எரு வந்தால் முதலில் ஒரு தொட்டியில் கொஞ்சம் பரப்பி, தண்ணீர் தெளித்து இரண்டு வாரம் வைத்துப் பார்க்கிறேன். ஒன்றும் முளைக்கவில்லை என்றால் பாத்திக்குப் போகும். முளைத்தால் குவித்து, நனைத்து, மூடி இன்னும் சில மாதம் மக்க விடுகிறேன்.

நாற்றுப் பண்ணையிலிருந்து வரும் தொட்டிகளின் மேல்மண்ணிலும் களை இருக்கும். நடுவதற்கு முன் மேலே ஒரு விரல் கனம் வழித்து எடுத்துவிடுங்கள். வேலி ஓரத்தில் நிற்கும் களையை மறக்காதீர்கள், பூக்கும் முன் அறுத்துவிடுங்கள். நாயுருவி விதை வேட்டியிலும் புடவையிலும் ஒட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் வரும்.

ஆரம்பத்தில் வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். காலையில் தண்ணீர் விடும் முன், மண் மேலே காய்ந்திருக்கும்போது, கொத்தோடு ஒரு சுற்று. மூடாக்கு எங்கே மெலிந்திருக்கிறது, எந்த மூலையில் மண் தெரிகிறது என்று பார்த்து, போகும் வழியில் ஒரு கூடை சருகைக் கொட்டிவிட்டு வாருங்கள்.